டாமினேட்: எந்தச் சொல்லோடு சேரும், எதோடு சேராது? ஒரு முழு வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன், என் குழுவில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் பதவி உயர்வுக்காக ஆங்கிலத்தில் பரிந்துரை எழுதிக் கொடுத்தேன். கூட்டங்களில் தெளிவாகப் பேசுவார், அவர் பேச ஆரம்பித்தால் எல்லோரும் கவனிப்பார்கள். அதைப் பாராட்டும்படி "ஷி டாமினேட்ஸ் எவ்ரி டீம் டிஸ்கஷன்" என்று ஒரு வரி சேர்த்தேன். அதைப் படித்த மேலதிகாரி ஆங்கிலத்தையே வீட்டு மொழியாகக் கொண்டவர். என்னைக் கூப்பிட்டு, "ஏன், மற்றவர்களைப் பேசவே விடமாட்டாரா?" என்று கேட்டார். நான் பாராட்டு என்று நினைத்து எழுதியது அவரிடம் புகாராகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. விளக்கிச் சொல்லி வரியை மாற்றிக் கொடுத்தேன், பதவி உயர்வும் கிடைத்தது. ஆனாலும் ஒரு வினைச்சொல்லுக்குப் பக்கத்தில் நான் உட்காரவைத்த பெயர்ச்சொல்லால் இன்னொருவரின் உழைப்பு தலைகீழாகப் படிக்கப்பட்டதே என்ற வருத்தம் போகவில்லை.

இதே சொல்லை விளையாட்டுப் பக்கத்தில் போட்டிருந்தால் அப்பட்டமான பாராட்டு. "ஷி டாமினேட்டட் த மேட்ச்" என்றால் பிரமாதமாக ஆடினார் என்றுதான் பொருள். கட்டடத்தைப் பற்றிச் சொன்னால் பாராட்டும் கிடையாது, புகாரும் கிடையாது. டாமினேட் நல்லதா கெட்டதா என்பதை அந்தச் சொல் தீர்மானிப்பதில்லை, அதன் பக்கத்தில் வரும் சொல்தான் தீர்மானிக்கிறது. இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு முழு வழியையும் படிப்படியாகச் சொல்கிறேன். ஆங்கிலச் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன், ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சொற்சேர்க்கை கண்ணைவிடக் காதுக்குத்தான் சீக்கிரம் பழகும்.

முதலில்: சொற்சேர்க்கை நமக்குப் புதிதல்ல

மழை பெய்யும், வெயில் அடிக்கும், காற்று வீசும், மின்னல் வெட்டும். பசி எடுக்கும், தூக்கம் வரும். யாராவது "வெயில் பெய்கிறது" என்றால் நமக்குப் புரியும், ஆனால் காது ஒத்துக்கொள்ளாது. ஏன் அடிக்கிறது, ஏன் பெய்வதில்லை என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது. கூடவே வளர்ந்த சொற்கள் அவை, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் இதற்குக் கொலோகேஷன் என்று பெயர். ஒரு சொல்லை அது யாரோடு சேர்ந்து திரிகிறது என்பதை வைத்துத்தான் அறிய வேண்டும் என்று ஆங்கிலேய மொழியியலாளர் ஜே.ஆர். ஃபர்த் 1957-இல் எழுதினார். ஆளைப் பற்றி நம் ஊரில் சொல்வதை அவர் சொல்லைப் பற்றிச் சொன்னார்.

டாமினேட்டின் வேர் லத்தீன். "டாமினுஸ்" என்றால் தலைவன், எஜமான், வீட்டை ஆள்பவன். "டோமுஸ்" என்றால் வீடு. கி.பி. என்பதற்கு ஆங்கிலத்தில் ஏ.டி. என்று போடுகிறார்களே, அதன் விரிவான "அன்னோ டாமினி"யில் இருப்பதும் இதே டாமினுஸ்தான், ஆண்டவரின் ஆண்டில் என்று பொருள். வீட்டில் தலைவன் உட்கார்ந்திருக்கும் காட்சியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லோர் பார்வையும் அவன் பக்கம், எல்லோர் பேச்சும் அவனைச் சுற்றி. டாமினேட்டின் எல்லாப் பொருள்களும் இந்தக் காட்சியிலிருந்துதான் கிளைக்கின்றன.

இரண்டாவது: "ஆதிக்கம் செலுத்து" என்பதை ஒதுக்கி வையுங்கள்

அகராதியைத் திறந்தால் டாமினேட்டுக்கு நேராக "ஆதிக்கம் செலுத்து" என்று இருக்கும். தப்பில்லை, ஆனால் இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு எழுதினால் இரண்டு இடத்தில் அடி விழும்.

ஒன்று, இலக்கணம். தமிழில் சந்தையில் ஆதிக்கம் செலுத்துகிறோம், மக்கள் மீது ஆதிக்கம் செலுத்துகிறோம். அந்த "இல்"லும் "மீது"ம் நமக்கே தெரியாமல் ஆங்கிலத்துக்குள் நுழைந்து, "டாமினேட் இன் த மார்க்கெட்", "டாமினேட் ஓவர் த பீப்பிள்" என்று எழுத வைக்கின்றன. ஆங்கிலத்தில் இந்த வினை நேரடியாகச் செயப்படுபொருளைப் பிடித்துக்கொள்ளும், நடுவில் "இன்" வேண்டாம், "ஓவர்" வேண்டாம். "டாமினேட் த மார்க்கெட்" என்றாலே போதும். நம்மவர்கள் செய்யும் தவறுகளில் நான் அதிகம் திருத்தியது இதைத்தான், இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

"தே டாமினேட்டட் இன் த செகண்ட் ஹாஃப்" என்று வர்ணனையில் கேட்டிருக்கிறேனே என்பீர்கள். கேட்டிருப்பீர்கள், அது சரிதான். அங்கே செயப்படுபொருளே இல்லை. இரண்டாம் பாதியில், எதிரணியை எல்லா விதத்திலும் மிஞ்சினார்கள் என்று நேரம் மட்டும் சொல்லப்படுகிறது. எதை டாமினேட் செய்தார்கள் என்று சொல்ல வந்தால் அந்த "இன்" என்பதைத் தூக்கிவிடுங்கள்.

இரண்டாவது அடி, தொனி. தமிழில் ஆதிக்கம் என்றதும் ஆதிக்கச் சாதி, அந்நிய ஆதிக்கம் என்றுதான் மனம் போகும். நம் மொழியில் அது கசப்பான சொல், கசப்பதற்குக் காரணமும் இருக்கிறது. ஆங்கில டாமினேட்டுக்கு அந்தக் கசப்பு சில இடங்களில்தான் உண்டு. அதனால் ஒவ்வொரு சேர்க்கைக்கும் தனியாக ஒரு தமிழ்த் தொடரைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் நல்ல வழி. அதைத்தான் அடுத்த படியில் செய்யப்போகிறோம்.

மூன்றாவது: பக்கத்துச் சொல்லை வைத்துப் பிரியுங்கள்

இந்தப் படியில்தான் சரக்கு அதிகம், அவசரப்படாமல் படியுங்கள்.

சந்தை, தொழில். "டாமினேட் த மார்க்கெட்", "டாமினேட் தி இண்டஸ்ட்ரி", "டாமினேட் த செக்டர்". தமிழில் சந்தையைக் கையில் வைத்திருப்பது என்கிறோமே, அதுதான். அமெரிக்காவில் ராக்ஃபெல்லர் 1870-இல் தொடங்கிய ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனம் அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அந்த நாட்டின் எண்ணெய்ச் சுத்திகரிப்பில் ஏறத்தாழ 90 சதவீதத்தைக் கையில் எடுத்துக்கொண்டது. 1911-இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டு அதை 34 நிறுவனங்களாகப் பிரிக்க வைத்தது. இந்தக் கதையை எழுதுகிறவர்கள் "ஸ்டாண்டர்ட் ஆயில் டாமினேட்டட் தி அமெரிக்கன் ஆயில் இண்டஸ்ட்ரி" என்று எழுதுவார்கள். இங்கே தொனி நடுநிலை. பங்குதாரர் படித்தால் பெருமை, போட்டியாளர் படித்தால் வயிற்றெரிச்சல்.

இதோடு ஒட்டிய ஒரு சட்டச் சொற்சேர்க்கையும் உண்டு: "அப்யூஸ் ஆஃப் டாமினன்ட் பொசிஷன்". இந்தியாவின் 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 4-ஆம் பிரிவுக்குத் தலைப்பே இதுதான். சந்தையில் வலுவான இடத்தில் இருப்பது குற்றமல்ல, அந்த இடத்தைத் தவறாகப் பயன்படுத்துவதுதான் குற்றம் என்கிறது சட்டம். 2022 அக்டோபரில் ஆண்ட்ராய்டு விவகாரத்தில் கூகுளுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தபோது ஆங்கிலச் செய்திகளில் இந்தத் தொடர் திரும்பத் திரும்ப வந்தது. வணிகம் படிக்கிறவர்கள் இந்தச் சேர்க்கையைச் சொல் மாற்றாமல் அப்படியே மனப்பாடம் செய்யலாம். "அப்யூஸ் ஆஃப் டாமினேட்டிங் பொசிஷன்" என்று எழுதினால் தட்டும்.

விளையாட்டு. "டாமினேட் த மேட்ச்", "டாமினேட் த கேம்", "டாமினேட் த ஸ்போர்ட்", கால்பந்து என்றால் "டாமினேட் த மிட்ஃபீல்ட்". ஒரு ஆட்டத்துக்குத் தமிழில் "அவர்கள் கை ஓங்கியிருந்தது" என்போம். பல வருடத்துக்கு என்றால் "கொடிகட்டிப் பறந்தார்கள்", கொஞ்சம் எழுத்துநடையில் "கோலோச்சினார்கள்". ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வினைதான். 1980-இல் நியூசிலாந்திடம் தோற்ற பிறகு 1995-இல் ஆஸ்திரேலியாவிடம் தோற்கும் வரை மேற்கிந்தியத் தீவுகள் அணி ஒரு டெஸ்ட் தொடரில்கூடத் தோற்கவில்லை. அதைச் சொல்ல "த வெஸ்ட் இண்டீஸ் டாமினேட்டட் டெஸ்ட் கிரிக்கெட்" என்ற தொடரைவிடப் பொருத்தமானது கிடையாது. ரஃபேல் நடால் பிரெஞ்சு ஓப்பனை 14 முறை வென்றவர், அவரைப் பற்றிச் சொல்ல "ஹி டாமினேட்டட் த ஃப்ரெஞ்ச் ஓப்பன்". இந்த இரண்டு வாக்கியத்திலும் துளிக் கசப்பு கிடையாது, மரியாதை மட்டும்தான். எதிராளியையே செயப்படுபொருளாகப் போடுவதும் உண்டு: "டாமினேட்டட் ஹிஸ் அப்போனன்ட்". ஆடுகளத்துக்குள் அது பாராட்டு. அதே வாக்கியத்தை வீட்டுக்குள் கொண்டுவந்து எதிராளியின் இடத்தில் மனைவியைப் போட்டால் பெரிய குற்றச்சாட்டு ஆகிவிடும்.

செய்தி, அரசியல், விவாதம். "டாமினேட் த ஹெட்லைன்ஸ்", "டாமினேட் த நியூஸ்", "டாமினேட் தி அஜெண்டா", "டாமினேட் த டிபேட்". எங்கே திரும்பினாலும் அதே பேச்சாக இருப்பது. 2020-இல் கொரோனாவைத் தவிர நாம் வேறு எதைப் படித்தோம்? "கோவிட் டாமினேட்டட் த ஹெட்லைன்ஸ்." பிரிட்டனில் 2016 ஜூனில் பொதுவாக்கெடுப்பு நடந்ததிலிருந்து 2020 ஜனவரி கடைசியில் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியது வரை, "பிரெக்ஸிட் டாமினேட்டட் பிரிட்டிஷ் பாலிட்டிக்ஸ்." இங்கே எழுவாயாக வருவது ஆள் அல்ல, பெரும்பாலும் ஒரு பிரச்சினையோ நிகழ்ச்சியோதான் என்பதைக் கவனியுங்கள். தமிழில் இதைச் செய்திகளை "ஆக்கிரமித்தது" என்று எழுதுகிறோம். அந்தச் சொல் நன்றாகவே பொருந்துகிறது.

உரையாடல். "டாமினேட் த கான்வர்சேஷன்", "டாமினேட் த டிஸ்கஷன்", "டாமினேட் த மீட்டிங்". செய்திக்கும் இதற்கும் ஒரு நூலிழைதான் வித்தியாசம், அதை விட்டதால்தான் நான் அன்றைக்குத் தவறினேன். ஒரு விஷயம் உரையாடலை டாமினேட் செய்தால், எல்லோரும் அதைப் பற்றியே பேசினார்கள் என்று அர்த்தம், குறை எதுவும் இல்லை. ஒரு ஆள் உரையாடலை டாமினேட் செய்தால், அடுத்தவர்களுக்கு வாய்ப்புக் கொடுக்காமல் அவரே பேசினார் என்று அர்த்தம். வேலைக்கான குழு விவாதத்துக்குப் போகும் மாணவர்கள், முன்னணியில் இருந்தேன் என்று சொல்ல நினைத்து "ஐ டாமினேட்டட் த குரூப் டிஸ்கஷன்" என்று பெருமையாகச் சொல்லிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். "ஐ லெட் த டிஸ்கஷன்" (லீட் என்பதன் இறந்தகாலம்) என்று சொல்லுங்கள், அல்லது "ஐ கான்ட்ரிபியூட்டட் ஆக்டிவ்லி". என் பரிந்துரையில் நான் மாற்றி எழுதிய வரி, "ஷி லீட்ஸ் அவர் டீம் டிஸ்கஷன்ஸ் அண்ட் டிராஸ் அதர்ஸ் இன்" (எங்கள் என்று பொருள்படும் ஆங்கில அவர்). கூட்டத்தை நடத்துகிறார், மற்றவர்களையும் பேச வைக்கிறார். உண்மையில் அவர் செய்ததும் அதுதான்.

காட்சி. "டாமினேட் த ஸ்கைலைன்", "டாமினேட் த லேண்ட்ஸ்கேப்", "டாமினேட் த ரூம்". ஓங்கி நிற்பது, கண்ணை முதலில் இழுப்பது. 1889-இல் கட்டி முடித்த ஈஃபில் கோபுரம் இப்போது 330 மீட்டர், பாரிஸில் அதைச் சுற்றிப் பெரும்பாலும் உயரம் குறைந்த கட்டடங்கள்தான். "தி ஈஃபில் டவர் டாமினேட்ஸ் த பாரிஸ் ஸ்கைலைன்." எடின்பரோவில் பாறை உச்சியில் நிற்கும் கோட்டைக்கும், கேப் டவுனின் முதுகில் மேசை மாதிரித் தட்டையாக நிற்கும் டேபிள் மவுன்டனுக்கும் இதே வினைதான். உயரமாகத்தான் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஒரு சிறிய அறையில் பெரிய ஊஞ்சல் இருந்தால் அந்த ஊஞ்சல் அறையை டாமினேட் செய்கிறது. பயணக் கட்டுரை எழுதுகிறவர்களுக்கு இந்தச் சேர்க்கை நிறையக் கைகொடுக்கும். இதை "ஆதிக்கம் செலுத்து" என்று மொழிபெயர்த்து, "கோட்டை நகரத்தின் மீது ஆதிக்கம் செலுத்துகிறது" என்று நம் பத்திரிகைகளில் வரும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. ஓங்கி நிற்கிறது என்ற அழகான தொடர் கையில் இருக்கும்போது எதற்கு அது?

வாழ்க்கை, மனம். "டாமினேட் யுவர் லைஃப்", "டாமினேட் ஹெர் தாட்ஸ்". ஆட்டிப்படைப்பது. வேலை, கடன், வலி, பயம் எல்லாம் எழுவாயாக வரும். "டோண்ட் லெட் வொர்க் டாமினேட் யுவர் லைஃப்" என்ற அறிவுரையைக் கேட்டிருப்பீர்கள். இந்தக் கூட்டத்தில் தொனி எப்போதும் கனமாகத்தான் இருக்கும். மகிழ்ச்சி வாழ்க்கையை டாமினேட் செய்தது என்று யாரும் எழுதுவதில்லை.

நான்காவது: செயப்பாட்டு வினை

"டாமினேட்டட் பை" என்ற வடிவத்தை ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் பார்ப்பீர்கள். "எ ப்ரொஃபெஷன் டாமினேட்டட் பை மென்" என்றால் ஆண்களே நிறைந்த தொழில், "எ டவுன் டாமினேட்டட் பை இட்ஸ் கேஸில்" என்றால் கோட்டை ஓங்கி நிற்கும் ஊர். தமிழில் "ஆல்" வரும் இடத்தில் "பை" வருகிறது, அதனால் சுலபம். "டாமினேட்டட் வித்" மட்டும் வேண்டாம்.

இதிலிருந்து பிறந்த ஒட்டுச்சொற்கள்தான் இன்னும் பயனுள்ளவை. "மேல்-டாமினேட்டட் இண்டஸ்ட்ரி" (ஆண் என்று பொருள்படும் மேல், நம் மேல் கீழ் அல்ல), "ஃபீமேல்-டாமினேட்டட் ப்ரொஃபெஷன்", இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய வரலாற்றில் வரும் "சோவியத்-டாமினேட்டட் ஈஸ்டர்ன் யூரோப்", நகரமைப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் சொல்லும் "கார்-டாமினேட்டட் சிட்டி". முன்சொல் ஒருமையிலேயே இருக்கும், "மேல்ஸ்-டாமினேட்டட்" கிடையாது. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் நடுவில் ஹைஃபன் போட மறக்காதீர்கள்.

ஐந்தாவது: காலம்

நாம் பேசும் ஆங்கிலத்தில் "இஸ் டாமினேட்டிங்" மிக அதிகம். "கூகுள் இஸ் டாமினேட்டிங் த சர்ச் மார்க்கெட்" என்போம், "செலுத்துகிறது" என்பது தொடர்நிகழ்வு மாதிரித் தோன்றுவதால் வரும் பழக்கம் என்று நினைக்கிறேன். நிலையாக இருக்கும் நிலைமைக்குச் சாதாரண நிகழ்காலம் போதும்: "கூகுள் டாமினேட்ஸ் த சர்ச் மார்க்கெட்". ஈஃபில் கோபுரம் "இஸ் டாமினேட்டிங்" என்றால் இன்றைக்கு மட்டும் எழுந்து நிற்கிற மாதிரி இருக்கும். இப்போது கண்ணெதிரே ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டத்துக்கு மட்டும் "ஆர் டாமினேட்டிங்" இயல்பு.

ஆறாவது: முன்னும் பின்னும் ஒட்டும் சொற்கள்

வினையடைகளில் நிச்சயமாகக் கைக்கொள்ள வேண்டியவை "கம்ப்ளீட்லி", "டோட்டலி", "லார்ஜ்லி", "ஹெவிலி", "இன்க்ரீஸிங்லி", "ட்ரெடிஷனலி". முதல் இரண்டும் ஆட்டக்களத்துக்கு நன்றாகப் பொருந்தும். மற்ற நான்கும் "டாமினேட்டட் பை" என்பதற்கு முன்னால் கட்டுரை, ஆய்வு, தேர்வு எழுதும் இடங்களில் வரும்: "த செக்டர் இஸ் இன்க்ரீஸிங்லி டாமினேட்டட் பை ஃபாரின் ஃபர்ம்ஸ்". "வெரி டாமினேட்" இலக்கணப்படியே தவறு.

அப்புறம் துணைவினைகள். "கம் டு டாமினேட்" என்றால் ஆரம்பத்தில் இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக அந்த இடத்துக்கு வந்தது. "கன்டின்யூ டு டாமினேட்" இன்னும் விடவில்லை. "டெண்ட் டு டாமினேட்" பொதுவாக அப்படி நடக்கும். இந்த மூன்றில் "கம் டு டாமினேட்" எனக்கு மிகப் பிடித்தது, மூன்றே சொல்லில் ஒரு வரலாற்றைச் சொல்லிவிடும். நம்மவர்கள் இதை அதிகம் பயன்படுத்துவதில்லை, "ஸ்டார்ட்டட் டு டாமினேட்" என்று எழுதிவிடுகிறார்கள். அதில் ஒரே நாளில் தொடங்கிய மாதிரி ஒரு அவசரம் இருக்கிறது.

ஏழாவது: குடும்பத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

"டாமினன்ட்" பெயரடை. "டாமினன்ட் ரோல்", "டாமினன்ட் ஃபோர்ஸ்", "டாமினன்ட் ஃபீச்சர்", "டாமினன்ட் கல்ச்சர்", எழுதும் கையைச் சொல்ல "டாமினன்ட் ஹேண்ட்". இதை "டாமினேட் ரோல்" என்று எழுதிவிடும் தவறை ஆங்கிலேயர்களும் செய்கிறார்கள், ஒலி அவ்வளவு நெருக்கம். உயிரியலில் "டாமினன்ட் ஜீன்" என்பதற்கு வழி திறந்தவர் கிரெகர் மெண்டல். பட்டாணிச் செடியில் அவர் செய்த சோதனைகள் 1866-இல் அச்சில் வந்தன. உருண்டை விதையையும் சுருங்கிய விதையையும் கலந்தால் முதல் தலைமுறையில் எல்லாம் உருண்டை, அடுத்ததில் மூன்றுக்கு ஒன்று. வெளியே தெரிகிற பண்பை டாமினன்ட் என்றார். இங்கே ஒரு எச்சரிக்கை: மரபியலில் டாமினன்ட் என்றால் அதிகம் பேரிடம் இருப்பது என்று பொருள் அல்ல. ஹண்டிங்டன் என்ற மூளை நோயை உண்டாக்கும் மரபணு மாற்றம் டாமினன்ட் வகை, பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். ஆனால் அந்த நோய் அரிதானது. பொதுப் பேச்சில் உள்ள பொருளை அறிவியல் விடைத்தாளில் போட்டால் மதிப்பெண் போகும்.

"டாமினன்ஸ்", "டாமினேஷன்" இரண்டும் பெயர்ச்சொற்கள், ஆனால் ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை வைக்க முடியாது. டாமினன்ஸ் மேலான இடத்தில் இருக்கும் நிலை: "மார்க்கெட் டாமினன்ஸ்", "எஸ்டாப்ளிஷ் டாமினன்ஸ்", "அஸர்ட் டாமினன்ஸ்". டாமினேஷன் அடுத்தவரை அடக்கி ஆள்வது. நம் "ஆதிக்கம்" என்ற சொல்லின் கசப்பு முழுதும் குடியிருக்கும் வீடு இதுதான்: "ஃபாரின் டாமினேஷன்", "கலோனியல் டாமினேஷன்", "வேர்ல்ட் டாமினேஷன்". 1964 ஏப்ரல் 20 அன்று தென்னாப்பிரிக்காவில் நடந்த ரிவோனியா வழக்கில் குற்றவாளிக் கூண்டிலிருந்து பேசிய நெல்சன் மண்டேலா, வெள்ளையர் டாமினேஷனை எதிர்த்துப் போராடினேன், கறுப்பர் டாமினேஷனையும் எதிர்த்துப் போராடினேன் என்றார். அங்கே டாமினன்ஸ் என்று போட்டுப் பாருங்கள், வாக்கியத்தின் முதுகெலும்பே போய்விடும். அந்நிய ஆதிக்கம் என்று மொழிபெயர்க்க வேண்டியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு டாமினேஷன் போடலாம்.

இந்தப் பெயர்ச்சொற்களுக்கு "ஓவர்" ஒட்டும். "டாமினன்ஸ் ஓவர் இட்ஸ் ரைவல்ஸ்" சரி. வினையில் தூக்கி எறிந்த ஓவர் பெயர்ச்சொல்லில் திரும்பி வருகிறது, அதனால்தான் குழப்பம்.

"டாமினியரிங்" ஒரு ஆளின் குணம், எப்போதும் குறைதான். "டாமினியரிங் ஃபாதர்", "டாமினியரிங் பாஸ்". அடுத்தவர் விருப்பத்தைக் கேட்காமல் அதட்டி நடத்துகிறவர். நம் வீட்டுப் பேச்சில் "அவர் ரொம்ப டாமினேட் பண்றார்" என்போமே, அதன் உண்மையான ஆங்கிலம் இதுதான். நமக்குள் தமிழில் பேசும்போது "டாமினேட் பண்றார்" இருந்துவிட்டுப் போகட்டும், அது இப்போது நம் சொல். ஆங்கிலத்தில் சொல்லும்போது "ஹி இஸ் டாமினேட்டிங் மீ" என்றால் அடிமை மாதிரி நடத்துகிறார் என்கிற அளவுக்குக் கனமாகப் போய்விடும். லேசான எரிச்சல் என்றால் "பாஸி" போதும், தொட்டதற்கெல்லாம் அனுமதி கேட்க வைப்பவர் என்றால் "கன்ட்ரோலிங்", நிஜமாகவே கடுமையானவர் என்றால் டாமினியரிங்.

"ப்ரிடாமினேட்" அதிகம் பேர் கண்டுகொள்ளாத சொல், ஆனால் நமக்கு மிக உதவும். இது செயப்படுபொருள் கேட்காது, "இன்" ஒட்டிக்கொள்ளும். ஒரு காட்டில் பைன் மரங்கள்தான் அதிகம் என்றால் "பைன்ஸ் ப்ரிடாமினேட் இன் திஸ் ஃபாரஸ்ட்". எண்ணிக்கையில் மிகுந்திருப்பதைச் சொல்கிறது, அதிகாரம் எதுவும் இல்லை. இதன் வினையடை "ப்ரிடாமினன்ட்லி" தேர்வுக் கட்டுரைகளில் தங்கம் மாதிரி: "எ ப்ரிடாமினன்ட்லி ரூரல் ஏரியா", பெரும்பாலும் கிராமங்கள் நிறைந்த பகுதி.

உச்சரிப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டாமினேட், டாமினன்ட், டாமினன்ஸ் மூன்றிலும் அழுத்தம் முதல் அசையில். டாமினேஷனில் "நே" மீது, டாமினியரிங்கில் "நி" மீது. ப்ரிடாமினேட்டில் "டா" மீது.

எட்டாவது: நீங்களே சரிபார்க்கும் வழி

எழுதிய சேர்க்கை சரியா என்று சந்தேகம் வந்தால் இன்னொருவரைக் கேட்கும் முன் இரண்டு இடத்தில் தேடுங்கள். ஒன்று கூகுள் புத்தக என்கிராம். அங்கே "டாமினேட் த" என்று ஆங்கிலத்தில் அடித்து, அடுத்து ஒரு இடைவெளி விட்டு நட்சத்திரக் குறி போடுங்கள். அச்சான ஆங்கிலப் புத்தகங்களில் அந்த இடத்தில் அதிகம் வந்த பத்துச் சொற்களை வரைபடமாகக் காட்டும். கணக்குகூடத் தொடங்க வேண்டாம். இன்னொன்று கோக்கா என்று சுருக்கமாகச் சொல்லப்படும் சமகால அமெரிக்க ஆங்கிலச் சொற்தொகுப்பு. 1990 முதல் 2019 வரையிலான பேச்சு, புனைகதை, பத்திரிகை, ஆய்வெழுத்து எல்லாம் சேர்ந்து 100 கோடிச் சொற்களுக்கு மேல் அதில் இருக்கின்றன. ஒரே சேர்க்கை செய்தித்தாளில் எத்தனை, ஆய்வுக் கட்டுரையில் எத்தனை என்று பிரித்துக் காட்டும். எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள், பத்து முழு வாக்கியங்களையாவது படியுங்கள். எழுவாய் ஆளா பொருளா, எழுதியவர் மெச்சுகிறாரா குறை சொல்கிறாரா என்பது வாக்கியத்தில்தான் தெரியும்.

ஒரு நோட்டில் சேர்க்கையைத் தனியாக எழுதாமல், அதற்குப் பொருந்தும் தமிழ்த் தொடரையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஸ்கைலைனுக்கு ஓங்கி நிற்பது, மேட்சுக்குக் கை ஓங்குவது, லைஃபுக்கு ஆட்டிப்படைப்பது. எழுத உட்காரும்போது தமிழில்தான் முதலில் எண்ணம் வருகிறது, அந்த எண்ணத்திலிருந்து நேராகச் சரியான ஆங்கிலச் சேர்க்கைக்குப் போக இது வழி போட்டுத் தரும்.

ஒன்பதாவது: எழுதிப் பாருங்கள்

கீழே ஐந்து வாக்கியங்கள். விடையைக் கையால் மறைத்துக்கொண்டு முதலில் நீங்கள் எழுதுங்கள்.

வேலையே கொஞ்சம் கொஞ்சமாக என் வாழ்க்கையை ஆட்டிப்படைக்கத் தொடங்கிவிட்டது. விடை: "வொர்க் ஹாஸ் கம் டு டாமினேட் மை லைஃப்." இங்கே கம் டு வராமல் எழுதியிருந்தால் "கொஞ்சம் கொஞ்சமாக" விட்டுப்போயிருக்கும்.

இரண்டாம் பாதி முழுக்க அவர்கள் கைதான் ஓங்கியிருந்தது. விடை: "தே டாமினேட்டட் த செகண்ட் ஹாஃப்." இன் போட்டாலும் தவறில்லை, ஏன் என்று மேலே பார்த்தோம்.

இந்தத் தொழிலில் வழிவழியாக ஆண்கள்தான் அதிகம். விடை: "திஸ் ப்ரொஃபெஷன் ஹாஸ் ட்ரெடிஷனலி பீன் டாமினேட்டட் பை மென்." வெறும் எண்ணிக்கையை மட்டும் சொல்ல நினைத்தால் "ப்ரிடாமினன்ட்லி மேல்" என்று எழுதுங்கள், அதிகாரத் தொனி வராது.

அந்த நாடு நூறு ஆண்டுகள் அந்நிய ஆதிக்கத்தில் இருந்தது. விடை: "த கன்ட்ரி வாஸ் அண்டர் ஃபாரின் டாமினேஷன் ஃபார் எ ஹண்ட்ரட் இயர்ஸ்."

எங்கள் மேனேஜர் யாரையும் பேசவிடாமல் கூட்டம் முழுக்க அவரே பேசுவார். விடை: "அவர் மேனேஜர் டாமினேட்ஸ் எவ்ரி மீட்டிங்." (இங்கேயும் எங்கள் என்று பொருள்படும் ஆங்கில அவர்.)